வெள்ளைப் பூ வந்தால் மதுரை

ஈப்போவில் என் அம்மாவிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. "நீ கேன்சர் டாக்டர்தானே, ஊருக்குப் போய் மாமாவுக்கு நல்ல புத்தி சொல்லிட்டு வா" என்றாள். நான் கேன்சர் டாக்டர் இல்லை, கணக்கு டாக்டர். உடம்பிலிருக்கும் ஒரு செல் எப்போது தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும், எப்போது மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பதும், அதைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதும்தான் என் பிழைப்பு. இதை அம்மாவுக்குப் பல வருடமாக விளக்கியிருக்கிறேன். "அதைத்தான் நானும் சொல்றேன், கேன்சர் டாக்டர்" என்பாள். விடுமுறையும் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

அம்மா பிறந்தது அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில். கல்யாணமாகி மலேசியா வந்தவள். அவளுடைய தம்பி, என் மாமா, அங்கே மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். போன வருடம் அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் கிளம்பின. நிணநீர்ச் சுரப்பியில் புற்று என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். பாதி முடிவதற்குள் கட்டி கரைந்துவிட்டது. கரைந்ததும் மாமா, "அதான் போயிருச்சே, இனி எதுக்கு?" என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டார். மீதி மருந்தை ஏற்றிக்கொள்ள அவரை மறுபடியும் மதுரைக்குக் கிளப்ப வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் இறங்கியபோது வெயில் என்னை அடையாளம் கண்டுகொண்டது. எங்கள் ஈப்போவில் சாயங்காலமானால் மழை ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி தவறாமல் வந்துவிடும். இங்கே வானத்தில் துடைத்துப் போட்டதுபோல ஒன்றுமே இல்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் பெட்டியை ஒரு தடவையும் என்னை மூன்று தடவையும் பார்த்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"எந்த ஊரு தாயி?"

"மலேசியா."

"அங்கன என்ன சோலி பாக்குற?"

செல் என்றால் என்ன, அது எப்படிச் சாகிறது, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவுக்குக் கணக்குன்னா இன்சூரன்ஸா?" என்றார். பின்சீட்டிலிருந்து ஒருவர், "இல்லத்தா, செத்தவுகளக் கணக்கெடுக்குறாக போல" என்று திருத்தினார். பாளையம்பட்டி வந்துவிட்டதால் இறங்கித் தப்பித்தேன்.

கடை வாசலிலேயே தும்மல் பிடித்துக்கொண்டது. உள்ளே கூரை வரைக்கும் வத்தல் மூடைகள். பத்துப் பன்னிரண்டு தும்மல் போட்டு முடித்த பிறகுதான் மாமாவின் முகத்தையே பார்க்க முடிந்தது. தலையில் முடி புசுபுசுவென்று புதிதாக முளைத்திருந்தது. "ஏ, என் மருமக வந்துட்டா! வத்தல் நெடிதான்யா வரவேற்பு!" என்று கத்தினார். எதிரே ஒரு விவசாயி கொண்டுவந்த மூடையிலிருந்து ஒரு குண்டு வத்தலை எடுத்து ஒடித்தார். மோந்தார். நுனியைக் கடித்து, கண்ணை மூடி, நாக்கில் உருட்டினார். "காரம் நிக்கிது. ஆனா கொஞ்சம் வெரசாப் பறிச்சுட்டீக" என்றார். அந்த விவசாயி மறுப்பே சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை என் காதருகே வந்து, "மொதலாளி நாக்குதான் இந்தக் கடைக்குத் தராசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் வேறு கூத்து. புற்று என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. அத்தை "அந்தக் கட்டி" என்பாள். பக்கத்து வீட்டார் "அந்த வியாதி" என்பார்கள். மாமாவின் தம்பி, சின்ன மாமா, "அது" என்று சொல்லிக் கூரையைப் பார்ப்பார். மாமா ஒருவர்தான், "கேன்சர்னு சொல்லுங்கப்பா, சொன்னா ஒட்டிக்கிராது" என்று எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து கேன்சர் டாக்டர் வந்திருக்கிறார் என்ற செய்தி அதற்குள் தெருவில் பரவி, காபி குடித்து முடிப்பதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் எக்ஸ்ரே படங்களோடு நின்றார்கள். முழங்கால் வலி, பித்தப்பையில் கல், மூலம். ஒருவர் தன் ஆட்டையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். "இதுக்கும் கழுத்துலதாம்மா கட்டி" என்றார். நான் டாக்டர்தான், ஆனால் அந்த டாக்டர் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆட்டுக்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டாவது பாருங்கள் என்றார். தொட்டுப் பார்த்தேன். திருப்தியாகப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வந்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயின் சொந்தக்காரப் பையன்தான், ஆனால் எண்ணெயில் குளித்துவிட்டு வந்தவன். கையில் எடுத்தால் நொறுங்குகிறது, சால்னாவில் விழுந்தால் உருகுகிறது. ரொட்டி சானாய்க்கு நான் இத்தனை நாள் காட்டிய விசுவாசம் முதல் பரோட்டாவிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. மாமா சால்னாவை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "பட்டை கொறச்சல்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையில் கடையிலேயே வகுப்பை ஆரம்பித்தேன். மாமா வத்தல் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது செத்துப்போவதற்கான ஏற்பாடு பிறவியிலேயே இருக்கிறது என்றேன். நம் விரல்கள் தனித்தனியாக இருப்பதற்குக் காரணமே, கருவில் இருக்கும்போது இடையிலிருந்த செல்கள் ஒழுங்காகச் செத்து வழிவிட்டதுதான். ஒரு செல் பழுதாகிவிட்டால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அதற்குச் சேதி போகும், உன் வேலை முடிந்தது என்று. அந்தச் சேதியை நிறைவேற்றச் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றை இறுகப் பிடித்துவைத்திருக்கிற காவல் புரதங்களும் இருக்கின்றன. காவல் தாங்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. தாங்க முடியாத அளவு சேதி வந்துவிட்டால் செல் மொத்தமாகச் சரிந்துவிடும். பாதி செத்த செல் என்று ஒன்று கிடையாது. புற்றுச் செல் செய்கிற அக்கிரமம், காவலைப் பெருக்கி வைத்துக்கொள்வது. எத்தனை சேதி போனாலும் அசையாது. மருந்து செய்வது, அந்தக் காவலைத் திணறடிப்பது. காவல் எவ்வளவு, சேதி எவ்வளவு, எந்த இடத்தில் சரியும் என்பதுதான் நான் போடுகிற கணக்கு.

"அப்ப மருந்து ஏத்துனோம், சரிஞ்சு போச்சு. கத முடிஞ்சதுல்ல?" என்றார் மாமா.

"முடியல மாமா. ஒரே தாய்ச் செல் ரெண்டாப் பிரிஞ்சு வந்த ரெட்டைங்களா இருக்கும். ஒரே மருந்துதான் ரெண்டு மேலயும் படும். ஒண்ணு செத்துரும், இன்னொண்ணு பொழச்சுக்கும். அந்த நேரத்துல எதுக்குள்ள எவ்வளவு காவல் இருந்துச்சுங்கறதுதான் காரணம். பொழச்சது கண்ணுக்குத் தெரியாது. மருந்து நின்னதும் அதுலேருந்து மறுபடி பெருகும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப ஏத்தறது."

மாமா கையிலிருந்த வத்தலைக் கீழே வைத்தார்.

"எனக்குள்ள அப்படி மிச்சம் இருக்கா?"

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன். ஆனா உறுதியாத் தெரியாது."

"மீதியையும் ஏத்திக்கிட்டா எல்லாம் செத்துருமா?"

"சாக வாய்ப்பு அதிகம்."

"ஏத்தலேன்னா திரும்ப வந்துருமா?"

"வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்."

"வாய்ப்பு, வாய்ப்பு! இம்புட்டுப் படிச்சுப்புட்டு வெதர் ரிப்போர்ட்டு மாதிரிப் பேசுற மருமகளே" என்றார். அவர் சிரிக்க, சுமை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது, கொஞ்சம் வலித்தாலும்.

ஆட்கள் டீக்குப் போன பிறகுதான் அவர் நிஜக் காரணத்தைச் சொன்னார். மருந்து ஏற்றிய மாதங்களில் அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. எதை வாயில் வைத்தாலும் இரும்பு மாதிரி இருந்ததாம். வத்தலைக் கடித்தால் எரிச்சல் மட்டும் தெரியும், அது என்ன காரம், எப்படிப்பட்ட காரம் என்று ஒன்றும் பிடிபடாது. கணக்குப்பிள்ளை முகத்தைப் பார்த்து ஒரு லோடுக்குச் சரி என்று தலையாட்டினார். அது சொத்தைச் சரக்காகப் போய்விட்டது.

"சரக்கு போனாப் போகட்டும். கொண்டாந்த சம்சாரி எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறான், நான் பொய்யாக் கண்ண மூடி நிக்கிறேன். அத விட வெக்கம் உண்டா? இப்பத்தான் நாக்கு திரும்பி வந்திருக்கு. வத்தல் சீசனும் வந்திருச்சு. இப்பப் போயி மறுபடி சாகடிக்கச் சொல்றியா?"

முந்தின நாள் பட்டை குறைச்சல் என்று சொன்னபோது அவர் ஏன் அப்படிச் சந்தோஷப்பட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. காவல் புரதத்துக்கு என் சமன்பாட்டில் எழுத்து இருக்கிறது, நாக்குக்கு இல்லை.

"நீயும் பேசாத, ஒன் அத்தையும் அழுக வேண்டாம்" என்று மாமாவே முடிவு சொன்னார். "நாளைக்கு நம்ம ஆத்தா கோயிலுக்குப் போவோம். பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளப் பூ வந்தா மதுரைக்குப் போறேன். செவப்பு வந்தா யாரும் அதுக்கப்புறம் வாயத் தெறக்கக் கூடாது."

பூக்கட்டிப் பார்ப்பது என்றால், ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் வாழையிலைத் துண்டுகளில் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை, மனிதர்களால் முடிவு செய்ய முடியாததை இப்படி ஆத்தாளிடம் தள்ளிவிடுவார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

சாயங்காலம் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழியைப் போனில் பிடித்தேன். மாமாவின் ரிப்போர்ட்டில் உள்ளதைச் சொல்லி, நம் கணக்கில் போட்டு ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "நம் கணக்கு ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்துக்குத்தான் பொருந்தும். ஒரு ஆளுக்குச் சொன்னால் அது ஜோசியம். அது உனக்கே தெரியும்."

"இங்கே பூவை வைத்து ஜோசியம் பார்க்கப் போகிறார்கள்."

"வாய்ப்பு எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி."

"நம் மாடலைவிடத் தெளிவாக இருக்கிறதே" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டாள்.

பாதிக்குப் பாதி என்பதை வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நாணயத்தைச் சுண்டிக் காட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு பயங்கரமான எண் என்று தெரிந்தது. விடிந்ததும் புறவாசலில் இருந்த நந்தியாவட்டைச் செடிக்குப் போனேன். நினைத்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எப்படியாவது பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்புப் பூவை எடுத்துவிட்டு அங்கேயும் வெள்ளையை வைத்துவிடுவது என் திட்டம். செடியில் பூவே அதிகம் இல்லை. அத்தை பூஜைக்குப் பறித்திருப்பாள் என்று நினைத்து, மிச்சமிருந்ததில் ஒன்றைப் பறித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாமா தன் கையாலேயே இரண்டு பொட்டலங்களையும் கட்டித் தாம்பாளத்தில் வைத்து அத்தையிடம் கொடுத்தார். கடையில் லோடு அடிக்கிற குட்டியானை வண்டியில் கிளம்பினோம். மாமா முன்னால், டிரைவர் பாண்டி பக்கத்தில். நானும் அத்தையும் பின்னால், வெற்றுச் சாக்குகளின் மேல். திருச்சுழியில் தாலுகா ஆபீஸ் பக்கம் நிறுத்தி டீயும் பால்பன்னும் சாப்பிட்டோம். எங்கள் ஊர் டீயான தே தாரிக்கை உயரத் தூக்கி ஆற்றுகிற மாஸ்டரின் கையை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த டீக்கடைக்காரர் அதே உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரரோடு சண்டையும் போட்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

திருச்சுழி தாண்டியதும் ரோட்டின் இருபுறமும் கருவேலங்காடுதான். மண்சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயரில் கருவேல முள். பாண்டி இறங்கிப் பார்த்துவிட்டு, "இந்த முள்ளு லாரி டயரவே பதம் பாத்துரும், நம்ம எம்மாத்திரம்" என்று ஜாக்கியைத் தேடினான். ஜாக்கி கடையிலேயே இருந்தது. மாமா அவனைத் திட்டினார். அவன் கடையில் ஜாக்கியை இறக்கிவைத்தவனைத் திட்டினான். அந்த வழியே டிராக்டரில் வந்தவர் ஒரு ஜாக்கி கொடுத்து, என் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வண்டியில் இருந்த நுங்கையும் சீவிக் கொடுத்தார். ஈப்போவில் வண்டி பஞ்சரானால் போன் பண்ணிவிட்டுத் தனியாக நிற்போம். இங்கே நுங்கு கிடைக்கிறது.

எனக்கு நல்ல சந்தர்ப்பம். எல்லாரும் டயரைச் சுற்றி நின்றபோது மெல்ல வண்டியின் பின்பக்கம் போனேன். அத்தை இறங்கவே இல்லை. தாம்பாளத்தை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தாள். "குடுங்க அத்தை, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன், நுங்கு சாப்பிடுங்க" என்றேன். "வேணாந்தாயி. சாமிக்கு உள்ளது. எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். ஆத்தாளிடம் சொல்லாமல் அடுப்பில் பால்கூட வைக்காத மனுஷி. அவள் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேப்பமரம், தகரக் கூரை, மஞ்சள் பூசிய கல்லாக ஆத்தா. பூசாரி சூடம் காட்டினார். பொட்டலங்களை ஆத்தா காலடியில் வைத்துக் கையால் கலைத்தார். "ஊருக்குப் புதுசா வந்தவுக எடுக்கட்டும். நீ எடு தாயி" என்று என்னைக் கூப்பிட்டார்.

வாழ்நாளெல்லாம் வாய்ப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவள், கடைசியில் வலதா இடதா என்று தெரியாமல் நின்றேன். ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாண்டி விசிலடித்தே விட்டான். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். மறு பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கம் இல்லை, அதை அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவார்கள். ஆனால் மாமா வியாபாரி. மேலே கிடக்கிற வத்தலை மட்டும் பார்த்து மூடையை வாங்குகிற ஆள் இல்லை. குனிந்து அந்தப் பொட்டலத்தையும் எடுத்தார். பூசாரி தடுப்பதற்குள் பிரித்துவிட்டார்.

அதிலும் நந்தியாவட்டை.

மாமா முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு அத்தை பக்கம் திரும்பினார்.

"ஏத்தா. நான் கட்டுன செவப்பு எங்க?"

அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். மாமா கட்டிய இரண்டு பொட்டலங்களும் அதற்குள் நசுங்கிக் கிடந்தன. "டயரு போனப்ப மாத்திட்டேன்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"ஆத்தா மூஞ்சிக்கு முன்னாடியே பொய்யா? அவ கண்ணக் குத்தமாட்டாளா? ஒனக்குப் பயமா இல்ல?"

"பயமாத்தான் இருக்கு. ஆத்தாகிட்ட நாளைக்கும் மன்னிப்புக் கேப்பேன், அடுத்த வருசமும் வந்து கேப்பேன். அவ எங்கயும் போகப் போறதில்ல. ஒங்ககிட்ட கேக்கணும்னா நீங்க இருக்கணும்ல?"

பூசாரி சூடத்தட்டோடு அப்படியே நின்றார். நான் அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு, "நாக்கு செத்துரும்டி" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"சாகட்டும்" என்றாள் அத்தை. "வத்தல நான் கடிச்சுச் சொல்றேன். தப்பாச் சொன்னாத் திட்டுங்க. கடைக்கு நாளையிலேருந்து நானும் வாரேன்."

"நீ வயித்துப்புண்காரி. ஒரு பச்ச மொளகா கடிச்சது கெடையாது."

"பழகிக்கிறேன்."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாண்டி, வண்டிய எடு. நாளைக்கு வெள்ளன மதுரைக்குப் போகணும்" என்றார். முன்சீட்டுப் பக்கம் போனவர், திரும்பி வந்து, பின்னால் சாக்கின் மேல் அத்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால் போய்ப் பாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருச்சுழி வரும்வரை நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.